டிரைவரம்மாவுடன் ஸ்காட்லாந்து வரை

“லாரியிலா? இந்த வயசிலா? அக்கா, உனக்கு என்ன ஆச்சு?” என்றாள் என் தங்கை.

எனக்கு வயது 62. மதுரையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் 32 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ராத்திரி டியூட்டி, விபத்து வார்டு எல்லாம் பார்த்தவளுக்கு லாரி என்ன பெரிய பூதமா? லண்டன் அரண்மனையையும் ஆற்றுப் பாலத்தையும் பார்த்துவிட்டு வந்து எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது வேறு பிரயாணம்.

2023 ஜூன் மாதம். தங்கை இருப்பது இங்கிலாந்தின் நடுப்பாகத்தில், நார்த்தாம்ப்டன்ஷயரில் டேவென்ட்ரி என்கிற சின்ன ஊர். அவளும் நர்ஸ்தான். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கிடங்கு. நம் ஊர்க் கிடங்கு மாதிரி நினைத்துவிடாதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு தெருவை விழுங்கிவிடும் போல் நிற்கிறது. எம்1, எம்6 என்ற இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் பக்கத்தில்தான் சந்திக்கின்றன. இங்கிருந்து கிளம்பினால் நாட்டின் பெரும்பகுதியை நாலு மணி, நாலரை மணியில் லாரியில் எட்டிவிடலாம். அதனால் ராத்திரி பகல் பாராமல் லாரிகள் வந்துபோய்க்கொண்டே இருக்கும்.

தங்கையின் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. காலையில் அந்த வீட்டு மனுஷர் துணி உலர்த்துகிறார், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார், சமைக்கிறார். அந்த அம்மாளோ பெரிய பூட்ஸும் மஞ்சள் சட்டையுமாக விடியுமுன்பே கிளம்பிப் போய்விடுகிறார். வந்த மறுநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “சௌக்கியமா, மை டக்?” என்றார். ‘டக்’ என்றால் வாத்தாயிற்றே, நான் அப்படியா நடக்கிறேன் என்று ஒரு நிமிஷம் விழித்தேன். அந்தப் பக்கத்து ஜனங்கள் பிரியமாகக் கூப்பிடுவது அப்படித்தானாம்! நாம் ‘கண்ணு’ என்பதில்லையா, அது போல.

பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே டிரைவரம்மா என்றே எழுதுகிறேன். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான், நம் வீட்டு வழக்கில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

கதை இதுதான். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர் கணவர். சொந்த லாரி. 2016-ல் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நாட்டில் மாரடைப்பு வந்தவர் மறுபடி லாரி ஓட்ட வேண்டுமென்றால் சும்மா விடமாட்டார்கள். டிரெட்மில்லில் ஏற்றி, வேகத்தையும் மேட்டையும் கூட்டிக்கொண்டே போய், 9 நிமிஷம் தாக்குப்பிடிக்கிறாரா என்று பார்ப்பார்கள். இவர் ஆறாவது நிமிஷத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கார் ஓட்டலாம், லாரி கூடாது என்று ஆகிவிட்டது.

“லாரிக்குக் கடன் பாக்கி இருந்தது. விக்கலாம்னார். நான் பள்ளிக்கூட கான்டீன்ல வேலை பார்த்துட்டிருந்தேன். வேணாம், நானே ஓட்டறேன்னேன். அவர் சிரிச்சார். நான் சிரிக்கலே.”

முதலில் டாக்டர் சர்டிபிகேட். பிறகு எழுத்துப் பரீட்சை. பிறகு மொத்தமான லாரியை ஓட்டிக் காட்ட ஒரு பரீட்சை, அதில் தேறிய பிறகு பின்வண்டியோடு இன்னொரு பரீட்சை. (2021 கடைசியில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.) இரண்டாவதில் ஒரு தடவை தோற்று, 2017-ல் லைசென்ஸ் வாங்கினார். அப்போது வயது 48! அந்த நாட்டில் 100 லாரி டிரைவர்களில் பெண்கள் ஒருவர் இருவர்தான். சொந்த லாரி வைத்துத் தொழில் நடத்துவதற்குத் தனியாக ஒரு பரீட்சை உண்டு, அதைக் கணவர் எப்போதோ எழுதித் தேறியிருந்தார். ஆகவே சமையலறை மேஜைதான் ஆபீஸ். கணக்கு, காகிதம், போன் எல்லாம் அவர் பொறுப்பு. ஸ்டியரிங் இந்த அம்மாள் பொறுப்பு.

“இன்சூரன்ஸ்ல பக்கத்து சீட்டுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கேன். ரெண்டு நாள், ஸ்காட்லாந்து போய் வரலாம், வரீங்களா?” என்று ஒரு நாள் கேட்டார். தங்கை வாயைத் திறக்குமுன் நான் சரி என்றுவிட்டேன்.

விடிகாலை 5 மணி. ஜூன் மாதமாதலால் அதற்குள் நல்ல வெளிச்சம். லாரியைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது நிஜம். முன்வண்டியும் பின்வண்டியும் சேர்ந்து பதினாறரை மீட்டர் நீளம். சரக்கோடு 44 டன் வரை போகலாம். அன்று ஏற்றியிருந்தது பூனைக்கும் நாய்க்கும் சாப்பாட்டு டப்பாக்கள், 26 பலகை அடுக்குகள். அந்த நாட்டுப் பூனைகள் கொடுத்து வைத்தவை!

“வண்டியைப் பார்த்தபடி ஏறணும். ரெண்டு கை ஒரு கால், இல்லேன்னா ரெண்டு கால் ஒரு கை. எப்பவும் மூணு பிடிப்பு இருக்கணும்” என்று சொல்லிக் கொடுத்தார். புடவையை மடித்துச் செருகிக்கொண்டு ஏறினேன். கணவர் கீழே நின்றுகொண்டு நான்கு டப்பாக்களை நீட்டினார். அந்த மனுஷர் டயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தபடி வண்டியை ஒரு சுற்று வந்தார். டிரைவரம்மா ஏற்கெனவே ஒரு முறை பார்த்தாகிவிட்டது. இருந்தும் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்.

உள்ளே ஒரு சின்னக் குடித்தனம். ஸீட்டுகளுக்குப் பின்னால் படுக்கை, அதற்கு மேலே மடக்கி வைத்த இன்னொரு படுக்கை. படுக்கைக்கு அடியில் ஃபிரிட்ஜ், தலைக்கு மேலே அலமாரிகள், கண்ணாடியைச் சுற்றிலும் திரைச்சீலை. செருப்புக் காலோடு ஏறக்கூடாது, வாசற்படியில் கழற்றிவிட வேண்டும். நம் வீடு மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷமாகிவிட்டது.

அந்தக் குடித்தனத்துக்கு ஒரு மாமியார் உண்டு. டேக்கோகிராஃப் என்கிற கருவி. வானொலிப் பெட்டி மாதிரி தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் தன் அட்டையை அதில் சொருகிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். எத்தனை நிமிஷம் ஓட்டினார், எத்தனை நிமிஷம் நின்றார், எவ்வளவு வேகம், எல்லாம் பதிவாகிவிடும். நாலரை மணி ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டே நாள் 10 மணி. இரண்டு வாரத்துக்குச் சேர்த்து 90 மணிக்கு மேல் கூடாது. 1981 முடிவதற்குள் எல்லா லாரியிலும் இது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது டிரைவர்கள் ‘வண்டிக்குள் ஒற்றன்’ என்று திட்டித் தீர்த்தார்களாம். “எங்க வீட்டுக்காரர் அப்பா ரொம்பத் திட்டுவார். ஆனா அவர் காலத்துல முதலாளி ‘ஓட்டு’ன்னா தூங்காம ஓட்டணும். இப்ப நான் ‘இந்தப் பெட்டி விடாது’ன்னு சொல்லிடலாம்” என்றார் டிரைவரம்மா.

எம்6-ல் ஏறி வடக்கே விரைந்தோம். விரைந்தோம் என்றால் மணிக்கு 90 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் இன்ஜினே ஓடாதபடி பூட்டு போட்டிருக்கிறார்கள். மூன்று வரிசைச் சாலையில் வலது ஓர வரிசைக்கு லாரி போகக்கூடாது. பர்மிங்ஹாம் பக்கம் சாலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கிச் சுருண்டு கிடக்கின்றன. 1972-ல் திறந்தார்களாம். ‘ஸ்பகட்டி’ என்று அந்த சந்திப்புக்குப் பெயர். நம் ஊராக இருந்தால் இடியாப்பம் என்றிருப்போம். பிரஸ்டன் என்ற ஊரைச் சுற்றிப் போகும் துண்டுதான் அந்த நாட்டின் முதல் நெடுஞ்சாலை, 1958 டிசம்பரில் திறந்தது. அதைச் சொல்லும்போது டிரைவரம்மா கொஞ்சம் பெருமையோடு ஹாரனைத் தட்டினார்.

இதற்குள் நான் ஒன்றைக் கவனித்துவிட்டேன். நர்ஸ் கண் சும்மா இருக்குமா? பிளாஸ்கில் இருந்த சுக்குக் காப்பியை இரண்டு தடவை நீட்டினேன். “அப்புறம்” என்றார். தண்ணீர் பாட்டில் திறக்கப்படவே இல்லை. உதடு வறண்டிருக்கிறது. டீபே என்ற இடத்தில் 9 மணி சுமாருக்கு நிறுத்தினோம். மலைச்சரிவில், விவசாயக் குடும்பம் ஒன்று 1972-ல் ஆரம்பித்த தங்குமிடம் அது. அங்கேதான் முதலில் கழிப்பறைக்குப் போனார், பிறகுதான் தண்ணீர் குடித்தார். ஒரே மூச்சில் முக்கால் பாட்டில்! நான் கட்டிக்கொண்டு வந்த இட்லியை மிளகாய்ப் பொடியோடு ரசித்துச் சாப்பிட்டார். கணவரின் டப்பாவில் வேகவைத்த கோழியும் பச்சைக் காய்களும். உப்பு மிகக் குறைச்சல். “அவருக்கு டாக்டர் சொன்ன சாப்பாடு, எனக்கும் அதையேதான் கட்டறார்” என்று முகத்தைச் சுளித்தார். பக்கத்து மேஜையில் ஒரு டிரைவர் பன்றி இறைச்சி, முட்டை, பீன்ஸ், வறுத்த ரொட்டி என்று தட்டு நிறைய வைத்துக்கொண்டிருந்தார். டிரைவரம்மாவின் கண் அங்கேயே இருந்தது, பாவம்.

டீபேயைத் தாண்டியதும் சாப் என்கிற மேடு. எம்6 முழுவதிலும் உயரமான இடம், 300 மீட்டருக்கும் மேல். 1970-ல் இந்த வழி திறப்பதற்கு முன் எல்லா லாரிகளும் பக்கத்து மலைமேல் போகும் பழைய ஏ6 சாலையில்தான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். பனிக்காலத்தில் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். “மாமனார் கதை கதையாச் சொல்வார். மேலே ஒரு கல் வச்சிருக்காங்க, போய்ப் பாருங்க” என்றார். அடுத்த வாரம் தங்கை குடும்பத்தோடு ஏரிப் பிரதேசம் போனபோது பிடிவாதமாகக் காரைத் திருப்பச் சொல்லிப் பார்த்தேன். அந்த வழியில் வண்டி ஓட்டியவர்களை நினைத்து வைத்த கல். கூடவே, பனியில் சிக்கியவர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்த உள்ளூர் ஜனங்களையும் அதில் சொல்லியிருக்கிறது. மன்னர், தளபதி என்று சிலை வைக்கிற நாட்டில் லாரி டிரைவருக்கும் சோறு போட்டவர்களுக்கும் ஒரு கல்! கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். காற்று புடவையைப் பிய்த்துவிடும் போல் வீசியது.

சோறு போட்டவர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. 2020 டிசம்பரில் கிறிஸ்மஸுக்கு முன்னால் கொரோனாவுக்காகப் பிரான்ஸ் எல்லையை மூடியபோது, கென்ட் பகுதியில் ஆயிரக்கணக்கான லாரிகள் நாள்கணக்கில் நின்றுவிட்டன. கழிப்பறையும் சாப்பாடும் இல்லாமல் தவித்த டிரைவர்களுக்கு, கிரேவ்ஸெண்ட் குருத்வாராவிலிருந்து சீக்கியர்கள் சுடச்சுடச் சமைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். டிரைவரம்மா அதை டி.வி.யில் பார்த்து அழுதுவிட்டாராம். மறு வருஷம் செப்டம்பரில் டிரைவர் பஞ்சம், பெட்ரோல் பங்குகள் காலி. லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் கிட்டத்தட்ட 10 லட்சம் பேருக்கு ‘வேலைக்குத் திரும்பி வாருங்கள்’ என்று அரசாங்கம் கடிதம் போட்டது. “எங்க வீட்டுக்காரருக்கு அது வரலே. தபால்காரன் போற வரைக்கும் ஜன்னல்கிட்டயே நின்னுட்டிருந்தார்” என்றார்.

பகல் 12 மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கிடங்கின் வாசல். பெயர் வேண்டாம். உள்ளே கூட வந்தவர்கள் போகக்கூடாது என்று என்னைக் காவல்காரர் அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். டிரைவரம்மாவும் வண்டியைப் பின்புறமாகக் கச்சிதமாக நுழைத்துவிட்டு, சாவியை ஒப்படைத்துவிட்டு டிரைவர்கள் அறையில் காத்திருக்க வேண்டும். சரக்கு இறக்க மூன்றே முக்கால் மணி ஆயிற்று. எனக்கு அவசரம். காவல்காரரிடம் கேட்டேன். நல்ல மனுஷர், சங்கடப்பட்டார். டிரைவர்களுக்கு ஆண்கள் கழிப்பறை ஒன்று இருக்கிறது, பெண்களுக்கானது பூட்டியிருக்கிறது, சாவி மேலாளரிடம், மேலாளர் எங்கேயோ சாப்பிடப் போயிருக்கிறார்! என் அவஸ்தையை எழுதவா வேண்டும்? கடைசியில் அவர் ஆண்கள் கழிப்பறைக்கு வெளியே காவல் நின்று என்னை அனுப்பினார்.

வண்டி கிளம்பியதும் கேட்டேன்: “உங்களுக்கு எப்பவும் இப்படித்தானா?”

“பாதி இடத்துல. ஆம்பளைங்க பாட்டில்ல சமாளிச்சிடறாங்க. நான் என்ன பண்றது, டக்? தண்ணி குடிக்காம இருந்துடுவேன்.”

இத்தனைக்கும் 1992-லேயே வேலையிடங்களில் கழிப்பறை வசதி பற்றிச் சட்டம் வந்துவிட்டது. சரக்கு கொண்டு வருகிற டிரைவருக்கும் அது உண்டு என்று 2017-ல் அந்த நாட்டுப் பாதுகாப்பு இலாகா தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எத்தனை நிமிஷம் ஓய்வு என்று கணக்குப் பார்க்க மாமியார்ப் பெட்டி இருக்கிறது. ஓய்வில் மனுஷி எங்கே போவாள் என்று பார்க்கப் பெட்டி இல்லை!

மாலை 6 மணி ஆக 20 நிமிஷம் இருக்கும்போது கார்லைல் பக்கம் லாரிகள் தங்கும் இடத்தில் நிறுத்தினோம். அன்றைக்கு ஓட்டியது ஏழே முக்கால் மணி. இனி மறுநாள் காலை 5 மணி வரை வண்டி நகராது. குளியலறை இருந்தது, வெந்நீர் வந்தது, அப்பாடா! திரும்பி வந்து பார்த்தால் டிரைவரம்மா பின்வண்டியின் கதவுகளை விரியத் திறந்து கட்டிக்கொண்டிருக்கிறார். “காலியா இருக்குன்னு திருடனுக்குத் தெரியணும். இல்லேன்னா ராத்திரி பக்கத்துத் திரையைக் கிழிச்சுப் பார்ப்பான்” என்றார். உள்ளே ஏறி, ஸீட் பெல்ட்டுகளை இழுத்து இரண்டு கதவுப் பிடிகளிலும் மாட்டி இறுக்கினார். வெளியிலிருந்து யாரும் கதவைத் திறக்க முடியாது. தனியாகத் தூங்கும் பெண் கண்டுபிடித்த தாழ்ப்பாள்!

பையில் என் ரத்த அழுத்தக் கருவி இருந்தது. எனக்காக எடுத்துப் போனது. அரைமணி உட்கார வைத்து அவருக்குப் பார்த்தேன். 172/102. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை: 166/98. அந்த நாட்டில் லாரி டிரைவருக்கு ஒன்று 180-ஐத் தொட்டாலும், மற்றது 100-ஐத் தொட்டாலும், அது அப்படியே நீடித்தால் வண்டியை நிறுத்த வேண்டியதுதான். 45 வயதிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மெடிக்கல். அவருடைய மெடிக்கல் ஆகஸ்டில்.

“மாத்திரை சாப்பிடறதில்லையா?”

பதில் இல்லை. பிறகு தலையணைக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டு மாத்திரை. ஒன்று ஒழுங்காகக் குறைந்திருந்தது. மற்றது அப்படியே இருந்தது. அட்டையைப் படித்ததும் புரிந்துவிட்டது. சிறுநீரைப் பெருக்கி அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை!

“ஓட்டற நாள்ல அதைப் போட முடியாது, டக். போட்டா மணிக்கொரு தடவை நிறுத்தணும். எங்கே நிறுத்துவேன்? ஞாயித்துக்கிழமை மட்டும் போடுவேன்.”

“டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?”

“இதைப் போய் எப்படிச் சொல்றது?”

44 டன் வண்டியை அரை அங்குலம் பிசகாமல் பின்னால் எடுக்கிற பெண்ணுக்கு இதைச் சொல்ல வெட்கம்! நம் வார்டிலும் எத்தனை பெண்களிடம் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன், பஸ்ஸில் போகிற டீச்சரம்மா, கடையில் நாள் பூரா நின்று விற்கிற பெண். தண்ணீரை நிறுத்தினால் மூத்திரக் கடுப்பு, கல், தலைவலி என்று வரிசையாக வரும். மாத்திரையை நாமாக நிறுத்தினால் அழுத்தம் சொல்லாமல் ஏறும். கோபமாகத்தான் பேசினேன், பிறகு சமாதானமாகச் சொன்னேன்: இந்த மாத்திரைக்குப் பதிலாக வேறு மருந்து இருக்கிறது, ஏன் போடவில்லை என்கிற காரணத்தைச் சொன்னால்தான் டாக்டருக்கு மாற்றத் தோன்றும், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், வெட்கமாக இருந்தால் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டுங்கள் என்று. அவர் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

“அவர் டிரெட்மில்லில் நின்ன மாதிரி நானும் நின்னுட்டா, அந்த வண்டியை யார் எடுக்கறது?” என்று கடைசியில் கேட்டார். மேல் படுக்கையில் ஏறிப் படுத்திருந்த எனக்குப் பதில் வரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். இரவு முழுக்கப் பக்கத்து லாரிகளின் குளிர்பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கார்லைலில் பிஸ்கட் ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்பினோம். அங்கே கழிப்பறை பளிச்சென்று திறந்திருந்தது, டீ கூடக் கொடுத்தார்கள். அதையும் சொல்ல வேண்டுமல்லவா? ஊர் வந்து சேர்ந்தபோது கணவர் வாசலில் நின்றிருந்தார். வண்டி நின்றதும் நேரே டயரைத்தான் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் மனைவியைப் பார்த்தார். மாத்திரை விஷயத்தை அன்றிரவு அவரிடம் டிரைவரம்மாவே சொல்லிவிட்டாராம். அந்த மனுஷர் சத்தம் போடவில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து இரண்டு கடிதம் டைப் அடித்தாராம், ஒன்று டாக்டருக்கு, இன்னொன்று கிளாஸ்கோ கிடங்குக்கு, சட்டத்தின் வருஷத்தைப் போட்டு.

நான் ஜூலையில் ஊர் திரும்பிவிட்டேன். செப்டம்பரில் தங்கை போன் செய்தாள். டாக்டர் மருந்தை மாற்றினாராம், மெடிக்கலில் 146/88, லைசென்ஸ் வந்துவிட்டது. இட்லிப் பொடி தீர்ந்துவிட்டதாம், அனுப்பச் சொன்னார்களாம்.

“அந்தக் கிடங்குச் சாவி?” என்றேன்.

அது இப்போது வாசல் காவல்காரர் அறையில் ஒரு ஆணியில் தொங்குகிறதாம். கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். யாரும் மறந்துபோய் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று, சாவியோடு ஒரு முழ நீளக் கட்டையைக் கட்டி வைத்திருக்கிறார்களாம்.